தலைக்கு 500 டாலர்

கனடாவுக்கு பி.ஆர். போட்ட நண்பர்கள் உங்கள்ல நிறைய பேருக்கு இருப்பாங்க. (நீங்களே போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. என் டீம்ல எட்டு பேர்ல மூணு பேர் போட்டாச்சு.) அந்தக் கட்டணப் பட்டியலை என்னிக்காவது பொறுமையா படிச்சுப் பார்த்திருக்கீங்களா? அதுல ரெண்டு வரி தனித்தனியா இருக்கும். முதல் வரி, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறதுக்கான கட்டணம். 2024 ஏப்ரல் 30-ல் உயர்த்தினப்போ, வேலைத் திறமை அடிப்படையில் போறவங்களுக்கு அது தலைக்கு 950 டாலர் ஆச்சு. ரெண்டாவது வரிக்குப் பேரு ‘நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம்’. அது அப்போ 575 டாலர் ஆச்சு. கணவன், மனைவி ரெண்டு பேர்னா எல்லாம் சேர்த்து அப்போ 3050 ஆச்சு. கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, பட்டத்தைச் சரிபார்க்கிற செலவு எல்லாம் தனி.

முதல் வரி புரியுது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நம்ம காகிதங்களைப் பார்க்கணும், அவருக்குச் சம்பளம் கொடுக்கணும். ரெண்டாவது வரி எதுக்கு? அதுக்கு எதிரா யாரும் எந்த வேலையும் செய்யலை. உள்ளே வந்து தங்குற உரிமைக்கே ஒரு விலை, அவ்வளவுதான். இந்த வரியோட பூர்வீகத்தைத் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1871-ல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோட சேர ஒத்துக்கிட்டதுக்கு முக்கியக் காரணம், கிழக்கையும் மேற்கையும் இணைச்சு ரயில் பாதை போட்டுத் தர்றோம்னு கொடுத்த வாக்கு. மேற்குப் பக்கம் ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, செங்குத்தான பாறை. குடைஞ்சு, வெடி வெச்சுத்தான் போகணும். அங்க ஒப்பந்தம் எடுத்த ஆண்ட்ரூ ஆண்டர்டாங்க் சீனாவுல இருந்து ஆள் இறக்கினார். 1881-லிருந்து 1885 வரைக்கும் வந்தவங்க சுமார் 15,000 பேர். பெரும்பாலானவங்க தெற்குச் சீனாவுல குவாங்டாங் மாகாணத்து விவசாயிகள். நாள் கூலி ஒரு டாலர். அதே வேலைக்கு வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை டாலர். சாப்பாட்டுச் சாமானும் கம்பெனிக் கடையிலதான் வாங்கணும். குறைந்தபட்சக் கணக்கே 600 பேர் செத்துப்போனதா சொல்லுது. பிரதமர் ஜான் மெக்டொனால்ட் 1882-ல் பாராளுமன்றத்துல ஒளிவு மறைவில்லாம சொன்னார்: சீனத் தொழிலாளி வேண்டாம்னா ரயிலும் கிடையாது, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க.

இப்போ ரெண்டு தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரயில் பாதையோட கடைசி ஆணி அடிக்கப்பட்டது 1885 நவம்பர் 7. சீனக் குடியேற்றச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சது 1885 ஜூலை 20. அதாவது வேலை முழுசா முடியறதுக்கு மூணரை மாசம் முன்னாடியே கதவுல பூட்டு தயார். கடைசி ஆணி அடிக்கிற அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்துல கோட்டு போட்ட கனவான்கள் கூட்டமா நிக்கிறாங்க. சீனத் தொழிலாளிகளைத் தேடாதீங்க, இல்லை.

அந்தச் சட்டம் கொண்டு வந்ததுதான் தலைவரி. (குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு இந்த வார்த்தையே சுருக்குன்னு இருக்கும். திருவிதாங்கூர் ராஜ்யத்துல தலைவரி கட்டினவங்களோட பேரன் பேத்திகள்தானே அவங்க.) கனடாவுக்குள்ள வர்ற ஒவ்வொரு சீனரும் 50 டாலர் கட்டணும். விசாரணை பண்ண ஆணையம் 10 டாலர் போதும்னு சொல்லியிருந்தது, அரசு அதை அஞ்சு மடங்காக்கிச்சு. கப்பலுக்கும் கணக்கு உண்டு, 50 டன்னுக்கு ஒரு சீனர்தான் ஏத்தலாம். வேற எந்த நாட்டுக்காரனுக்கும் இந்த வரி கிடையாது.

விலக்குப் பட்டியல்தான் இதுல ரசமான பகுதி. வியாபாரிகள், தூதர்கள், மாணவர்கள், அறிவியலாளர்கள், சுற்றுலாப் பயணிகள் இவங்களுக்கெல்லாம் வரி இல்லை. அதாவது கட்ட முடிஞ்சவங்க கட்ட வேண்டாம், கட்ட முடியாதவங்க கட்டணும். நாங்க கோடு எழுதும்போது நிபந்தனை தலைகீழா விழுந்துட்டா அதைப் பிழைன்னு சொல்லுவோம். இங்க அது பிழை இல்லை, வேணும்னேதான் அப்படி எழுதினாங்க.

50 டாலர் வரியால யாரும் நிக்கலை. மேற்குக் கரையில் கூச்சல் கூடிச்சு. 1900-ல் சட்டம் போட்டு அதை 100 டாலர் ஆக்கினாங்க. அப்பவும் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. 1902-ல் இன்னொரு ஆணையம் 500 டாலர் ஆக்கணும்னு பரிந்துரைச்சது. 1903-ல் சட்டம் வந்தாச்சு. 18 வருஷத்துல பத்து மடங்கு. ஒரு சீனத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ரெண்டு வருஷச் சம்பளம்.

இந்தத் தடவை வரி ‘வேலை செஞ்சது’. 1904 ஜூனுக்கு அப்புறம் வந்த ஒரு வருஷத்துல இந்த வரியைக் கட்டி உள்ளே வந்தவங்க மொத்தம் 8 பேர். எட்டாயிரம் இல்லை, எட்டு. ஆனா அதுக்கப்புறம் நடந்தது, சட்டம் போட்டவங்களே எதிர்பார்க்காதது. புது ஆள் வரத்து நின்னதும் ஏற்கனவே இருந்த சீனத் தொழிலாளிகளுக்குக் கிராக்கி ஏறிச்சு. சமையல்காரர், வீட்டு வேலைக்காரர், மீன் பதனிடும் ஆலைக்காரர் எல்லாருக்கும் கூலி கூடிச்சு. கூலி கூடினா 500 டாலர் கடனை அடைச்சுடலாம்ங்கிற கணக்கு ஊர்ல இருக்கிறவனுக்கு வந்துடும். சில வருஷத்துலயே மறுபடி ஆயிரக்கணக்கில் வர ஆரம்பிச்சாங்க.

நுழைவுக் கட்டணத்தை ஏத்தினா ஆள் வர்றது நிரந்தரமா நின்னுடாது. வர்றவன் கடனாளியா வருவான், வித்தியாசம் அவ்வளவுதான். 500 டாலரைச் சொந்தமா வெச்சிருந்த குவாங்டாங் விவசாயி எத்தனை பேர்? சித்தப்பா கொடுத்தார், ஊர்க்காரர் கடைமுதலாளி கொடுத்தார், வேலை கொடுக்கிறவரே கொடுத்துட்டுச் சம்பளத்துல பிடிச்சார். வந்து இறங்கினவன் முதல் பல வருஷம் சலவைக் கடையிலயோ உணவகச் சமையல்கட்டுலயோ, வந்த கடனுக்காகவே உழைச்சான். கடன் இருக்கிறவன் கூலி பேரம் பேச முடியாது, முதலாளியை விட்டுப் போக முடியாது. சீனர்கள் குறைஞ்ச கூலிக்கு வேலை செஞ்சு எங்க பிழைப்பைக் கெடுக்கிறாங்கன்னு கத்தினவங்க கொண்டுவந்த வரி, அவங்களைக் குறைஞ்ச கூலிக்கு இன்னும் இறுக்கமாக் கட்டிப்போட்டது!

அடுத்தது குடும்பம். தன்னோட கடனையே அடைக்கப் பத்து வருஷம் ஆகுது, மனைவிக்கு இன்னொரு 500-க்கு எங்க போறது? ஊருக்குப் போய் கல்யாணம் பண்ணி, சில மாசம் இருந்துட்டுத் திரும்பி வந்து, அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கடிதமும் பணமும் அனுப்பின ஆண்கள் ஆயிரக்கணக்கில். 1911 கணக்கெடுப்புல கனடாவுல ஒரு சீனப் பெண்ணுக்குச் சுமார் 28 சீன ஆண்கள்.

அரசுக்கு? நல்ல வரும்படி. 1885-லிருந்து 1923 வரை சுமார் 82,000 பேர் கட்டின தொகை 2 கோடியே 30 லட்சம் டாலர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கும் அதுல பங்கு போச்சு. கட்டினதுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க, பிற்காலத்துல அதுல புகைப்படமும் ஒட்டினாங்க. அந்தக் காகிதத்தை உயிர் மாதிரி பாதுகாத்தாங்க. அது பின்னாடி உதவப்போகுது, சொல்றேன்.

இந்தியர்கள் விஷயத்துல கனடாவுக்கு வேற சிக்கல். நாமும் அதே பிரிட்டிஷ் மகாராஜாவோட குடிமக்கள், சீனர் மாதிரி பேர் சொல்லி வரி போட முடியாது. அதனால 1908-ல் ரெண்டு தந்திரம் பண்ணாங்க. ஒண்ணு, பிறந்த நாட்டுல இருந்து எங்கயும் மாறாம நேரடிப் பயணமா வரணும் (இந்தியாவுல இருந்து அப்படி ஒரு கப்பலே கிடையாது). ரெண்டாவது, ஆசியாவுல இருந்து வர்றவங்க கையில 200 டாலர் காட்டணும். முன்னாடி 25 டாலரா இருந்த தொகை எட்டு மடங்கானது. இது கட்டணம் இல்லை, கட்ட வேண்டாம், காட்டினா போதும். ஆனா இல்லாதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இன்னிக்கும் வேலை உத்தரவு இல்லாம பி.ஆர். போடற பல பேர், லட்சக்கணக்கில் வங்கி இருப்பு காட்டறதுக்கு மாமனாரையும் மச்சானையும் தேடறாங்கல்ல, அந்த வழக்கத்துக்கு இது ஒரு மூத்த உதாரணம்.

அந்த நேரடிப் பயண விதியைச் சோதிச்சுப் பார்க்கத்தான் குர்தித் சிங் கோமகதா மாரு கப்பலை வாடகைக்கு எடுத்தார். 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். 1914 மே 23-ல் வான்கூவர் துறைமுகம் வந்தது. ரெண்டு மாசம் இறங்க விடலை. வான்கூவர்ல இருந்த இந்தியர்கள் காசு திரட்டிக் கப்பல் வாடகைத் தவணையைக் கட்டினாங்க. அப்பவும் 20 சொச்சம் பேரை மட்டும் அனுமதிச்சுட்டு, ஜூலை 23-ல் கப்பலைத் திருப்பி அனுப்பினாங்க. செப்டம்பர் 29-ல் கல்கத்தா பக்கம் பட்ஜ் பட்ஜ்ல வந்து இறங்கினவங்க மேல பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதுல சுமார் 20 பேர் செத்தாங்க.

இதே 1914-ல் சாம்ராஜ்யத்தோட இன்னொரு மூலையில் இதே மாதிரி ஒரு கட்டணம் ஒழிஞ்சுது, அது நம்ம ஆட்கள் கதை. தென்னாப்பிரிக்காவுல நேட்டாலுக்கு 1860-லிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா போனவங்க ஒன்றரை லட்சம் பேர். மூணுல ரெண்டு பங்கு மதராஸ் துறைமுகம் வழியா போனவங்க, தமிழும் தெலுங்கும் பேசினவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சதும் சிலர் காய்கறி போட்டு, கூடை தூக்கி வித்து முன்னேற ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பொறுக்கலை. 1895-ல் சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடிஞ்சா ஊருக்குத் திரும்பணும், இல்லை மறுபடி ஒப்பந்தத்துல சேரணும், ரெண்டும் இல்லாம தங்கணும்னா வருஷா வருஷம் 3 பவுன் கட்டி உரிமம் வாங்கணும். நேட்டால் முதல்ல கேட்டது 25 பவுன். இந்தியாவோட வைஸ்ராய் 3-க்குக் குறைச்சார், பெரிய மனசு! ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங். 3 பவுன்னா 60 ஷில்லிங், ஆறு மாசச் சம்பளம். 1903-ல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினாங்க, 16 வயசு பையன், 13 வயசு பொண்ணு வரைக்கும்.

தில்லையாடி வள்ளியம்மை பேரு நமக்கெல்லாம் தெரியும், பாடப் புத்தகத்துல படிச்சிருக்கோம். 1913 போராட்டத்தோட முக்கியக் கோரிக்கைகள்ல ஒண்ணு இந்த 3 பவுன் ‘தங்கும் கட்டண’த்தை ஒழிக்கிறதுதான்னு எத்தனை பேர் ஞாபகம் வெச்சிருக்கோம்? காந்தியோட போராட்டம்னு சுருக்கமா சொல்லிடறோம். நிலக்கரிச் சுரங்கத்துலயும் கரும்புத் தோட்டத்துலயும் வேலையை நிறுத்திட்டு வெளிய வந்தவங்க இந்தக் கட்டணத்தால நேரடியா நொந்தவங்க. வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோட வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தப்போ வயசு 16. சில மாசம் கழிச்சு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுனை ரத்து செஞ்சுது. நான் படிச்ச வரைக்கும், தங்குறதுக்குப் போட்ட கட்டணத்தைக் கட்டினவங்களே போராடி ஒழிச்சது அபூர்வம்.

கனடாவுல தலைவரி ஒழிஞ்ச விதம் வேற. 1923-ல் அரசு வரியை எடுத்துடுச்சு, அதுக்குப் பதிலா கதவையே மூடிடுச்சு. புதுச் சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1, கனடாவோட தேசிய நாள். அதுக்கப்புறம் 24 வருஷத்துல உள்ளே வர முடிஞ்ச சீனர்கள் 50 பேருக்கும் குறைவு. ஏற்கனவே 500 கட்டினவங்களும் 12 மாசத்துக்குள்ள பேரைப் பதிவு பண்ணணும். கனடாச் சீனர்கள் அந்த நாளை ‘அவமான நாள்’னு சொன்னாங்க, பல வருஷம் ஜூலை 1-ல் கடையடைச்சாங்க. 1947-ல்தான் சட்டம் ரத்தாச்சு. 1967-ல் புள்ளி முறை வந்து, நிறம் பார்க்கிறது போய் படிப்பையும் திறமையையும் பார்க்கிறது வந்தது. நம்ம ஊர்ப் பொறியாளர்களுக்குக் கதவு திறந்த கதை அங்கதான் ஆரம்பம், அது தனிப் பதிவு.

இப்போ அந்த ரெண்டாவது வரிக்கு வருவோம். 1995 பிப்ரவரி 27. கனடா கடன்ல மூழ்கிக் கிடந்த நேரம். நிதியமைச்சர் பால் மார்ட்டின் பட்ஜெட்ல எல்லாப் பக்கமும் வெட்டினார். கூடவே ஒரு புதுக் கட்டணம்: குடியேறும் வயசு வந்த ஒவ்வொருத்தரும் 975 டாலர். புதுசா வர்றவங்களுக்காக அரசு செய்ற செலவுல ஒரு பங்கை அவங்களே ஏத்துக்கட்டும்னு விளக்கம். ஏற்கனவே இருந்த பரிசீலனைக் கட்டணம் 500-ஐயும் சேர்த்தா தலைக்கு 1475. எதிர்த்தவங்க உடனே ‘புதுத் தலைவரி’ன்னு பேரு வெச்சாங்க.

ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். 1995 கட்டணம் இனம் பார்க்கலை, லண்டன்காரனும் கட்டணும், கொழும்புக்காரனும் கட்டணும். விண்ணப்பம் நிராகரிச்சா அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். இதெல்லாம் நிஜமான வித்தியாசங்கள். ஆனா எல்லாருக்கும் ஒரே விலைன்னா எல்லாருக்கும் ஒரே சுமைன்னு ஆகாது. முதல் அஞ்சு வருஷம் இந்தக் கட்டணம் அகதிகளுக்கும் இருந்தது. அங்கதான் எனக்கு இது உறுத்துது.

அந்த வருஷங்கள்ல டொரோண்டோவுல யார் இருந்தாங்கன்னு யோசிங்க. 83-க்கு அப்புறம் ஈழத்துல இருந்து போய்ச் சேர்ந்தவங்க, சோமாலியாவுல இருந்து வந்தவங்க. அகதிதான்னு வாரியம் ஏத்துக்கிட்ட பிறகும் ‘லாண்டட்’ கிடைக்கணும்னா தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். கணவன், மனைவிக்கு மட்டும் 2950 டாலர், பிள்ளைகளுக்கு மேல. லாண்டட் இல்லாம ஊர்ல விட்டுட்டு வந்த குடும்பத்தைக் கூப்பிட முடியாது. கட்ட முடியலைன்னா அரசே கடன் தரும்னு சொன்னாங்க. உயிர் தப்பி வந்தவனுக்கு நாட்டோட முதல் வரவேற்பு ஒரு கடன் பத்திரம்! கையில சீட்டு எடுத்தவங்க, ரெண்டு வேலை பார்த்தவங்க, அண்ணனுக்கு முதல்ல கட்டிட்டுத் தனக்குக் கட்டாம விட்டவங்கன்னு அந்த வருஷங்கள்ல வாழ்ந்தவங்க இதைப் படிச்சா என்னைவிட நல்லா சொல்லுவாங்க. குவாங்டாங்ல இருந்து வந்த சலவைக்காரரோட கணக்குப் புத்தகமும் ஸ்கார்பரோ அடுக்குமாடிக் கணக்குப் புத்தகமும் ரொம்ப தூரத்துல இல்லை.

2000 பிப்ரவரி பட்ஜெட்லதான் அகதிகளுக்கு 975 விலக்கப்பட்டது. பரிசீலனைக் கட்டணம் அவங்களுக்கும் இருந்தது, தொடர்ந்தது.

இதுக்கு நடுவுல பழைய தலைவரிக்காரங்க சும்மா இருக்கலை. 1984-ல் வான்கூவர் கிழக்குத் தொகுதி எம்.பி. மார்கரெட் மிட்செல், தன் தொகுதி முதியவர்களுக்காக, கட்டின வரியைத் திருப்பிக் கொடுங்கன்னு பாராளுமன்றத்துல கேட்டார். அப்பதான் அந்தப் பழைய சான்றிதழ்கள் பெட்டியிலிருந்து வெளிய வந்தது. சீனக் கனேடியர் தேசிய மன்றத்துல ஆயிரக்கணக்கான பேர் பதிவு பண்ணாங்க. அரசுகள் மாறி மாறி முடியாதுன்னே சொல்லிச்சு. 1922-ல் 500 கட்டி வந்த ஷாக் ஜாங் மேக் பேர்ல நடந்த வழக்கை ஒண்டாரியோ நீதிமன்றங்கள் 2001-லும் 2002-லும் தள்ளுபடி செஞ்சுது. அன்னிக்கு இருந்த சட்டப்படிதானே வசூலிச்சாங்கங்கிறதுதான் சாரம்.

2006 வேடிக்கையான வருஷம். மே 2-ல் புது அரசோட பட்ஜெட் 975-ஐ 490 ஆக்கியது. ஜூன் 22-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்துல தலைவரிக்காக மன்னிப்புக் கேட்டார், ‘கனடா மன்னிப்புக் கேட்கிறது’ங்கிறதைக் கான்டனீஸ் மொழியிலயே சொன்னார். உயிரோட இருக்கிறவங்களுக்கும், கட்டி இறந்தவங்களோட உயிரோட இருக்கிற துணைக்கும் 20,000 டாலர். கட்டின 82,000 பேர்ல அன்னிக்கு உயிரோட இருந்தவங்க சுமார் 20 பேர். ரெண்டு பேருமே இறந்துட்டா பிள்ளைகளுக்கு ஒண்ணும் கிடையாது.

490 அப்படியே 14 வருஷம் நின்னுது. 2020 ஏப்ரல் 30-ல் அதை ஏத்தினாங்க. எவ்வளவுக்குன்னு நினைக்கிறீங்க? சரியா 500 டாலருக்கு. ரெண்டு வருஷக் கூலியா இருந்த 500 இல்லை இது, அது நல்லாத் தெரியும். இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்தப்போ ஒரு நிமிஷம் நின்னுட்டேன். அந்தத் தொகையைத் தேர்ந்தெடுத்த அதிகாரிக்கு 1903 ஞாபகம் வந்திருக்குமா?

அதே நாள்ல பரிசீலனைக் கட்டணமும் 550-லிருந்து 825 ஆச்சு. கூடவே இன்னொண்ணும் பண்ணாங்க: இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விலைவாசிப்படி தானாவே ஏறும்னு விதி. 2022-ல் 515, 2024-ல் 575. 1903-ல் ஏத்தறதுக்கு ஒரு ஆணையம் உட்கார்ந்தது, பாராளுமன்றத்துல பேசினாங்க, பத்திரிகையில எழுதினாங்க. இப்ப அந்தத் தொந்தரவே இல்லை. எங்க பாஷையில சொன்னா, கிரான் ஜாப் போட்டு விட்டாச்சு :-)

கொசுறு: நியூஃபவுண்ட்லாந்து அப்போ கனடாவுல சேரலை, தனி நாடு மாதிரி. அங்கயும் 1906-ல் சீனருக்குத் தலைக்கு 300 டாலர் வரி போட்டாங்க. கனடா 1923-லயே தலைவரியை எடுத்தாச்சு, இவங்க 1949-ல் கனடாவோட சேர்ற வரைக்கும் வசூல் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. இவங்க மன்னிப்பும் அதே 2006-லதான் வந்தது.